அண்ணையின் பெயரில் இருந்தவன்

எண்பத்து மூன்றில் கொழும்புக் கலவரம் தொடங்கிய அன்று தன் கடைக்குப் போன அண்ணை திரும்பவில்லை; கலவரம் ஒரு கிழமை நீண்டது, அவர் எந்த நாளில் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் எடுத்து வைத்திருந்த பாஸ்போட்டை அண்ணியே என்னிடம் தந்தார். "நீங்களாவது தப்புங்கோ தம்பி" என்றார். எங்களுக்கு ஒரே முகச்சாயல், யாரும் உற்றுப் பார்க்கவில்லை. லண்டன் வந்து குரோய்டனில் போட்ட அகதி விண்ணப்பமும் அந்தப் பெயரில்தான். பிறகு கலியாணம், பிள்ளை, எல்லாவற்றையும் அந்தப் பொய்யின் மேலேயே கட்டினேன்.

ஊரிலிருந்து அண்ணி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "கண்ட ஆராவது அவர் செத்த நாளைச் சொன்னால் காணும். திவசமாவது செய்வன்."

வெம்பிளியில் ஒரு கடையின் மேல்மாடியில், கொல்லப்பட்டவர்களைப் பற்றித் தப்பி வந்தவர்கள் சொன்ன சாட்சியங்களை எங்கள் ஆட்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளில் ஞாயிறு தவறாமல் போனேன். வருகைப் புத்தகத்தில் அந்தப் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு உட்காருவேன். அண்ணையின் பெயரைச் சொல்லிக் கேட்க முடியாது, அது என் பெயர். கடைத் தெருவைச் சொல்லிப் பெட்டி பெட்டியாகத் துழாவினேன்.

ஒரு நாள் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலில் அண்ணை இருந்தார். தகப்பன் பெயர், ஊர், கடை, எல்லாம் சரி. குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் "உயிரோடு இருக்கிறார், லண்டன்."

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது.

"உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான் தம்பி. வருகைப் புத்தகத்தில உங்கட பேரைப் பார்த்திட்டு நான்தான் வெட்டினனான். ஆரோ ஒருதர் நீங்கள் எரிஞ்சதைக் கண்டதெண்டு சொல்லியிருக்கிறார். இருக்கிற ஆளைச் செத்ததெண்டு வைச்சிருந்தால் ஆயுசுக்குக் கூடாதெல்லோ. அவர் சொன்னதை எழுதின தாளைக் கிழிச்சுப் போட்டிட்டன்."

"என்ன நாளெண்டு இருந்தது?"

"அதை ஏன் இப்ப? மறந்து போச்சு. சொன்ன ஆளும் கனடா போயிட்டார், விலாசம் இல்லை."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அது அண்ணை, நானில்லை என்று ஒரு சொல் சொன்னால் வீடு, விசா, பிள்ளை எல்லாம் போய்விடும். "நல்லது அக்கா" என்றேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அன்று அண்ணிக்கு எழுதினேன், இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று. மறுநாள் பதிவுத் தபாலில் போட்டேன். உறையில் அனுப்புகிறவர் பெயர் வேண்டுமாம். அண்ணையின் பெயரை எழுதினேன்.