சாமை மில் சுவரில் ஓர் அமெரிக்கத் தாத்தா

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குப் போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். கையில் மூன்று பெயிண்ட் டப்பா, ஒரு பை நிறைய பிரஷ், கக்கத்தில் அட்டை கிழிந்த ஒரு படப் புத்தகம். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட்டும் டப்பாக்களுக்கு ஒரு முறைப்பும் கொடுத்தார். டிக்கெட் நாற்பது ரூபாய். முறைப்பு இலவசம்.

நான் சுவரில் படம் வரைகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்து விட்டுவிட்டோம். எழுத்தைப் படிக்க வராது, வரைய வரும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அப்படியே பெரிதாக்கிவிடுவேன். ஒருமுறை காகிதத்தில் இருந்த டீக்கறையையும் சேர்த்துப் பெரிதாக்கினேன்.

அந்தப் புத்தகம்தான் என் குருகுலம். இருபது வருஷத்துக்கு முன் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அந்தக் காலத்து அமெரிக்காவில் கதைப் புத்தகத்துக்கும் வாரப் பத்திரிகை அட்டைக்கும் படம் போட்ட ஒருவருடைய படங்கள். பெயர் மூலையில் கிறுக்கியிருக்கிறது. அது கையெழுத்தா, பிரஷ் துடைத்த இடமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அதில் ஒரு மருந்துக் கடைக்காரத் தாத்தா இருக்கிறார். தன் மருந்தைத் தானே குடித்துப் பார்த்துவிட்டு உதட்டு ஓரத்தில் லேசாகச் சிரிப்பார். போளூர் வட்டாரத்தில் எந்த மருந்துக் கடை போர்டில் வெள்ளைக்காரச் சாயலில் ஒரு தாத்தா சிரித்தாலும் அது என் வேலைதான். துணிக்கடையில் அவருக்கே வேட்டி கட்டிவிட்டிருக்கிறேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டப்பா உருண்டு யாராவது ஒருவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது. மூன்றாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எனக்கு அறிமுகமாகிவிட்டார்கள்.

எட்டரைக்கு ஜமுனாமரத்தூர். டீ பன்னிரண்டு ரூபாய், போண்டா ஏழு. ஒன்பதரைக்கு நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் போகும் ஷேர் ஜீப். ஆளுக்கு அறுபது ரூபாய். டிரைவர் சேட்டு முன் சீட்டில் இடம் கொடுத்தான்.

"டப்பால இன்னாணா?"

"பெயிண்ட். சாமை மில்லு சுவத்துல படம் வரையணும்."

"அய்யய்யோ. போன மாசம் திருப்பத்தூர்லேர்ந்து ஒருத்தன் வந்து வரைஞ்சிட்டுப் போனான். மில்லு தலைவி காஞ்சனாக்கா ஒரு பார்வ பாத்துச்சு. அடுத்த நாளு சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மூன்று டப்பாவையும் மடியோடு அணைத்துக்கொண்டேன்.

பதினொன்றுக்கு மில். சேட்டு கணக்கில் இருபத்திரண்டு கிலோமீட்டர், என் இடுப்புக் கணக்கில் நூறு. மலையில் விளையும் சாமையை அங்கேயே தீட்டி விற்க, பெண்கள் குழு ஒன்று சேர்ந்து போட்ட மில் அது. குழுவின் தலைவி காஞ்சனா. முப்பத்தைந்து வயதிருக்கும். முப்பது ஆடு வைத்திருப்பவர். என்னையும் முப்பத்தோராவதாகப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"சனிக்கெழம பத்து மணிக்குத் தொறப்பு. சாமைய யாரு வெளைக்கிறாங்கன்னு சுவத்தப் பாத்தாலே தெரியணும். நல்லா வந்தா இன்னும் ரெண்டு மில்லு சுவரு கீது, அதுவும் உங்களுக்குத்தான்."

"நல்லா வரலன்னா?"

"சுண்ணாம்பு கீது."

வியாழன் மிச்சப் பகல் முழுக்க வரைந்தேன். மலை, வானம், வீடு, மாடு, மூட்டை தூக்கும் ஆள், முறத்தில் சாமை புடைக்கும் பெண். வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு முடிந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. குழுவில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள். முதலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் யாரும் பொத்தவில்லை.

"வூட்டு மேல இன்னாணா நிக்குது?"

"பொகக் கூண்டு."

"எங்க வூட்ல அது எங்க பாத்தீங்க?"

"அவ மூஞ்சி ஏன்டி அப்பிடிச் செவந்து கெடக்குது? தேன் எடுக்கப் போயி கொட்டு வாங்கிட்டாளா?"

"மாட்டப் பாருடி. கலியாண வூட்ல பந்தியில குந்தி சாப்ட்ட மாதிரி கீது."

காஞ்சனா சிரிக்கவில்லை. "அந்த வாளிய எடுத்தாங்கடி" என்றார். வாளியில் சுண்ணாம்பு நேற்றே கரைத்துத் தயாராக இருந்தது. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். "யக்கா, நான் சும்மா வரையல. இவரு பெரிய ஆளு, அமெரிக்காக்காரரு. இவரப் பாத்துதான் வரைஞ்சேன். நீங்களே பாருங்க."

காஞ்சனா வாளியை வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மருந்துக் கடைக்காரரிடம் நின்றார். பின்னால் போனார். முன்னால் வந்தார்.

"இந்தாளேதான் இங்கயும் கீறான்."

அவர் காட்டியது மழையில் குடை திரும்பிக்கொண்ட ஒரு தபால்காரரை.

"அது வேற ஆளுக்கா. தொப்பி போட்டிருக்காரு பாருங்க."

"தொப்பிய வுடுணா, காதப் பாரு. எடது காது மேல மடங்கிகீது. தோ, இங்க தூங்குற ஜட்ஜு, இவனும் அவனேதான். தாடி ஒட்ட வெச்சது."

நான் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று படத்திலும் அதே காது. இருபது வருஷமாக அந்த ஆளைப் போளூர் முழுக்க ஒட்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆட்டைக் காதை வைத்தே பிரித்துச் சொல்லும் பொம்பளைக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"அந்தாளு பக்கத்து வூட்டுக்காரனா இருப்பான்" என்றார் காஞ்சனா. "படம் போடறவரு அவன நிக்க வெச்சு வரைஞ்சிகீறாரு. அவரு அவங்க ஊரு ஆளப் பாத்து வரைஞ்சாரு. நீங்களும் அவங்க ஊரு ஆளையே பாத்து வரைஞ்சா எப்டிணா?"

புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். கேட்டுவிட்டேன்.

"அப்ப நீங்க நிக்கிறீங்களாக்கா?"

"நானா?" முதல்முறையாக அவர் முகம் மாறியது. மற்ற ஏழு பேரும் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து முறத்தைக் கையில் கொடுத்தார்கள்.

ஆட்களுக்கும் வீட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். மலையும் வானமும் தப்பித்தன. காய்ந்ததும் இரண்டு மணியிலிருந்து காஞ்சனா முறத்தோடு நின்றார். மூட்டை தூக்க, அந்தப் பக்கம் ஜீப்பை நிறுத்திய சேட்டுவைப் பிடித்தோம். மாடு மட்டும் நிற்க ஒத்துக்கொள்ளவில்லை. அதை நடக்க நடக்கவே வரைந்தேன்.

"எவ்ளோ நேரம்ணா? கை கழண்டு வுழுது."

"தோ ஆச்சுக்கா, இன்னும் கொஞ்ச நேரம்."

"இதயேதான் நாலு மணியிலேர்ந்து சொல்றீங்க."

கை வலித்து முறம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் உதடு ஓரத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நிமிரச் சொல்ல வாய் எடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. அப்படியே வரைந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர் கூடியது. யாரும் மில்லுக்குள் போகவில்லை, சுவர் முன்னாலேயே நின்றார்கள்.

"டேய் சேட்டு, நீ என்னிக்குடா மூட்ட தூக்கின?"

"படத்துலயாவது தூக்கட்டும் வுடுடா."

காஞ்சனா கிட்டே போய்ச் சுவரில் இருந்த தன் கையைப் பார்த்தார். நான் சுண்ணாம்பு வாளி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

"கை எப்டித் தொங்குது பாரு" என்றார். "நாந்தான்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "பின்னாடி சுவரும் காலியாத்தான் கீதுணா. மத்த ரெண்டு மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி அத முடிச்சுடுங்க" என்றார். சாப்பாடு போட்டார்கள். சாமைச் சோறு, புளிக்குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் சாயல் அப்போது அந்த முதல் மாட்டைப் போல இருந்திருக்கும்.

மாலை ஐந்தரைக்குப் போளூரில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக் கடை போர்டில் என் தாத்தா நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவரை நின்று பார்த்தேன். உதட்டு ஓரத்தில் அந்த இழுப்பு. இருபது வருஷமாக அதைச் சிரிப்பு என்று நினைத்து ஊரெல்லாம் வரைந்திருக்கிறேன்.

அது சிரிப்பு இல்லை, நின்று நின்று வந்த கால் வலி. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று படம் போட்ட அந்த அமெரிக்காக்காரரும் நாலு மணியிலிருந்து சொல்லியிருக்கிறார்.