திரையில் மட்டும் இருந்த கைப்பிடி

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘லேயர் அக்கா’ என்றுதான் பெயர். பதினான்கு வருடமாகக் கணினியில், ‘லேயர்’ என்கிற அடுக்கடுக்கான தாள்களில், கட்டட வரைபடம் போடுகிறாள். அதில் பாதிக் காலம் அடுத்தவர்கள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. வட்டம் எண்கோணமாகத் தெரிகிறதா, எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிட்டதா, மில்லிமீட்டரை அங்குலமாக அனுப்பி வாசற்கதவு ஒரு தெரு அகலத்துக்கு வந்துவிட்டதா, கூப்பிடு அக்காவை. வருவாள், திட்டிக்கொண்டே சரிசெய்வாள்.

கெடுத்து வைத்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “ஸ்க்ரீன்ல நல்லாத்தானே தெரியுது?” அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கட்டடம் கட்டறவன் உன் ஸ்க்ரீனையா தூக்கிட்டுப் போவான்? அனுப்பறதுக்கு முன்னாடி பேப்பர்ல பாக்க மாட்டியா?” என்பாள்.

அன்று காலை பத்து மணிக்குக் கணவர் கூப்பிட்டார். அவர் வெல்டர். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தில் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடும் வேலை. வரைபடம் இவள் போட்டது. நாலு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார். கைப்பிடி இல்லையென்றால் கையெழுத்து இல்லை, மாடியில் மிச்சமிருக்கும் வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ஏம்மா, ட்ராயிங்ல கைப்பிடியையே காணோமே?”

“நல்லாப் பாருங்க. இதோ என் ஸ்க்ரீன்ல தெரியுதே!”

சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணுக்கு உறைத்துவிட்டது. அவள் சிரிப்பை அடக்க மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

இவள் மறுபடி பிடிஎஃப் எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினாள். “இதுலயும் இல்லம்மா” என்றார். மூன்றாவது தடவையும் அனுப்பினாள். அதிலும் இல்லை.

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க! எனக்கு வேற வேலையே இல்லையா?” என்று அலுவலகமே கேட்கும்படி கத்தினாள்.

“போட்டுக்கிட்டுத்தான் பாக்கறேன். சரி விடு” என்று அவர் வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் மதியம் பிடிஎஃப்பை அவளே திறந்தாள். படிகள் இருந்தன. 900 என்ற உயர அளவும் அதன் அம்புகளும் இருந்தன. அம்பு தொடவேண்டிய கைப்பிடியைத்தான் காணோம். கோட்டின் நிறத்தை மாற்றினாள், தடிமனை மாற்றினாள், மென்பொருளை மூடித் திறந்தாள். கணினியை, அதைச் செய்தவனை, இந்த வேலைக்குச் சேர்ந்த நாளை எல்லாம் வரிசையாகத் திட்டினாள். திரையில் கைப்பிடி கல்லுமாதிரி நின்றது. பேப்பரில் வர மாட்டேன் என்றது.

கடைசியில் அந்தக் கோட்டைச் சுட்டி, எந்த லேயரில் இருக்கிறது என்று பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

அளவுப் புள்ளிகளை வைத்துக்கொள்ள மென்பொருள் தானாகவே உண்டாக்கும் லேயர் அது. அதில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும், அச்சில் வரவே வராது. ‘அங்க கோடு போட்டா விரலை ஒடிச்சிடுவேன்’ என்று பக்கத்து மேசைப் பெண்ணை முதல் நாளே மிரட்டி வைத்தவள் இவள்தான்.

கணவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திருத்தி அச்செடுத்த தாளைச் சுருட்டிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே போனாள். மூன்று தடவை சொன்ன மனுஷனை நாலு பேர் கேட்கக் கத்தினோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

போய்ப் பார்த்தால் கைப்பிடி நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. அதிகாரியும் வந்துவிட்டிருந்தார். அவர் கையில், இவள் காலையில் அனுப்பிய பிடிஎஃப்பை அச்செடுத்த தாள். கைப்பிடி வரவேண்டிய இடத்தில் கணவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

“ட்ராயிங்ல இல்லாததை எப்படிப்பா போட்டே?”

“அளவு இருக்கு சார், அம்பு இருக்கு. ட்ராயிங் போட்டவங்க சும்மா காத்துக்கு அளவு வைக்க மாட்டாங்க.”

“அப்போ கோடு எங்கே?”

கணவர் வாசலில் நின்ற இவளைப் பார்த்துவிட்டார். “கோடு இருந்திருக்கும் சார். எனக்குத்தான் கண்ணு சரியில்ல...” என்று இழுத்தபடி சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

அவள் இரண்டே எட்டில் உள்ளே போனாள்.

“அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். தப்பு என்னோடது. அந்த ட்ராயிங் போட்டது நான்.”

அதிகாரி அவளுடைய புதுத் தாளையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தார். டேப் வைத்து உயரத்தை அளந்தார். சரியாக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்:

“அனுப்பறதுக்கு முன்னாடி பேப்பர்ல பாக்க மாட்டீங்களாம்மா?”

அவளிடம் இருந்தது ஒரே பதில்தான்.

“ஸ்க்ரீன்ல நல்லாத்தான் தெரிஞ்சுது சார்” என்றாள்.