கூசுத் தீவில் கட்டிய கல்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். என் சின்னம்மாவுக்கோ கல்யாணமாகி ஏழு வருடமாகியும் ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் அப்பா, சின்னம்மாவின் கணவரான சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"கூசுத் தீவு மலையில வேண்டிக்கிட்டு வரட்டும். அடுத்த வருசமும் ஒண்ணும் இல்லேன்னா மூணாவது பயல நீங்களே வச்சுக்குங்க. படிக்கிற பய. உங்க வீட்டுல இன்னும் நல்லாப் படிப்பான்."

மூன்றாவது பயல் நான்தான். அண்ணன்கள் இருவரும் பட்டறைக்குப் போனதாலும், கடைசி இருவருக்கும் பள்ளி வயது வராததாலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன் நான் ஒருவனே. படிப்புக்குத் தண்டனை இதுவா என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து கணக்கையெல்லாம் தப்பாகவே போட்டேன். வாத்தியாரிடம் அடி வாங்கியதுதான் மிச்சம். அப்பா மனம் மாறவில்லை. இனி மலைதான் கதி.

சீனர்களின் ஒன்பதாம் மாதம், அவர்கள் கூட்டம் கூட்டமாகத் தீவுக்குப் போகும் காலம். அம்மா, சின்னம்மா, நான் மூவரும் ஊதுவத்திப் புகைக்கு நடுவில் படகில் உட்கார்ந்து போய் இறங்கினோம். மலை உச்சியில் மலாய் மகான் ஒருவரின் சமாதி. பிள்ளை வேண்டுபவர்கள் அங்குள்ள மரத்தில் ஒரு கல்லைத் துணியில் முடிந்து கட்டுவார்கள். முதலில் போனவர் வேண்டுதலுக்குத்தான் முதல் செவிசாய்ப்பு என்று எண்ணி, செருப்பில்லாமல் படிகளில் ஓடினேன்.

"மெதுவாப் போடா, மலை எங்கயும் ஓடிப்போயிடாது லா!" என்று சின்னம்மா மூச்சு வாங்கினார்.

அவர் கட்டியது புளியங்கொட்டை அளவு கல். அது மகான் கண்ணில் படுமா? நான் தேங்காய் அளவில் ஒன்றைத் தூக்கி வந்தேன். சமாதியைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெரியவர் கிளையைக் காட்டி, ஒடிந்துவிடும் என்று கையை ஆட்டிச் சிரித்தார்.

"இம்மாம் பெரிய கல்லு யாருக்குடா?" என்று சின்னம்மாவும் சிரித்தார்.

"உங்களுக்குத்தான் சின்னம்மா. உங்களுக்குப் பாப்பா பொறந்துட்டா என்னைக் கொடுக்க மாட்டாங்கல்ல?"

சின்னம்மாவின் சிரிப்பு நின்றது. கல்லை என் கையிலிருந்து வாங்கி மரத்தடியில் வைத்தார்.

திரும்பும் படகில்தான் வாய் திறந்தார். "அக்கா, அத்தான்கிட்ட நானே சொல்லிக்கிறேன். எனக்குப் பொறந்தாலும் பொறக்காட்டியும் இவன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மலை இத்தனை சீக்கிரம் வரம் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளாக இறங்காத சோறு அப்போதுதான் இறங்கியது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு முழுவதையும் நானே தின்றேன். அம்மா கடல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி தெறிக்குதாம்மா? இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். கரை வரும்வரை விடவில்லை.

சின்னம்மாவுக்கு இன்றுவரை பிள்ளை இல்லை. அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராமலே இருந்தது என்பதும், அந்த ஒரு சொல்லை, பிள்ளைக்கு ஏங்கிய சின்னம்மாவே சொல்லிவிட்டார் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது. தூங்கிவிட்டேன்.