முதல் மாத்திரை

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கசிப்புச் சாராயம் விற்க வந்தவனை விளக்குமாற்றோடு துரத்தியவள் சிவசக்தி. புருஷன் குடித்துக் குடித்தே செத்தான். அதற்குப் பிறகு குடிக்கிற வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர்கூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவளைத்தான், கங்காணி வேலை பார்க்கும் நான், அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுத்தினேன்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் ரொட்டி தின்ன உட்கார்ந்தவள், எழுந்ததும் தள்ளாடி விழுந்தாள். கூடை கவிழ்ந்து கொழுந்தெல்லாம் சிதறியது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே!

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

யாரோ சிரித்தார்கள். அவள் கிடந்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைசுற்றல் நிற்காததால் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் நிரஞ்சலா பிரஷர் பார்த்துவிட்டு, "பிரஷருக்கு எழுதிக்குடுத்த புது மாத்திரை எப்ப போட்டீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தாங்க. காலையில தேத்தண்ணியோட."

"நாம எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும். உடனே நரம்பு நுனியில ஒரு ரசாயனம் சுரந்து ரத்தக்குழாய இறுக்கும். அப்பதான் தலைக்கு ரத்தம் ஏறும். இந்த மாத்திரை அந்த ரசாயனத்தக் குழாய்ல வேலை செய்யவிடாது. அதாலதான் பிரஷர் கொறையுது. ஆனா மொத மாத்திரைக்கு சில பேருக்கு ஒரேயடியா எறங்கிரும். ராவைக்குப் படுக்கிறப்ப போடச் சொல்லலியா?"

பதுளையில் அந்த மாத்திரையை வாங்கிவந்தவன் நான். பார்மசிக்காரர் இரண்டு தரம் சொன்னார். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அவளிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன், அவர் சொன்ன சேதியைக் கொடுக்கவில்லை.

"சொன்னாங்க டொக்டர். நாந்தான் மறந்துட்டேன்," என்றாள் சிவசக்தி.

வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொல்லலண்ணே. பரவாயில்ல. நான் குடிக்கலன்னு மட்டும் மடுவத்துல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

மறுநாள் சொன்னேன். "சிவசக்தி குடிக்கல. மாத்திரையை நேரம் மாத்திப் போட்டதால வந்த மயக்கம்." அவளிடம் நேரத்தைச் சொல்லாதது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. கங்காணி என்ற கெத்து விடவில்லை.

"கேட்டுப் போடக்கூடாதாடி, கூறுகெட்டவளே?" என்று கூடக் கொழுந்து பறிக்கும் புஷ்பம் அக்கா அவளைத் திட்டினாள்.

"என் தப்புத்தான் அக்கா," என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி.