சாமித்தட்டில் ஒரு சைக்கிள் ஓட்டக்காரர்

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு இங்கே அகதியாக வந்த ஒட்டிய கன்னத்துக்காரர். காலையில் சாமித்தட்டில் முருகன் படத்துக்குத் திருநீறு பூசிவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரரின் படத்துக்கும் பூசுவார். வேதக்காரரின் தேவாலயப் புனிதராக்கும் என்று நானும் கும்பிட்டுவந்தேன்.

அவருடைய அகதி வழக்கு கடைசியாகத் தள்ளுபடியான அன்றுதான் கேட்டேன். “அண்ணை, உவர் எந்தப் புனிதர்?”

“புனிதர் இல்லை தம்பி, பிரான்சின்ரை பழைய சைக்கிள் ஓட்டக்காரர். அங்கை நடக்கிற பெரிய சைக்கிள் ரேசை ஒருக்காலும் வெல்லேல்லை. எண்டாலும் சனம் வெண்டவனை விட்டிட்டு உவரைத்தான் கொண்டாடும்.”

கையில் இருந்த தள்ளுபடிக் கடிதத்தை மடித்தார். “தோத்தவனை ஒரு நாடு உப்பிடி வைச்சிருக்குது. வழக்குத் தோத்த என்னை ஏன் தம்பி இஞ்சையிருந்து கலைக்கினம்?”

ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு விமானம் ஏறிய அன்று முருகனை மட்டும் பெட்டிக்குள் வைத்தார். மற்றப் படத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“உவராவது இஞ்சை நிக்கட்டும்.”