எடை மெஷின் நின்ற மூலை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். டாக்டர் கிறுக்கிய சீட்டைப் படிப்பேனே தவிர, எழுதிப் பழக்கமில்லை. இந்த ஓராண்டில் உடம்பும் மனசும் ஓய்ந்து கிடக்கின்றன. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். தினமும் ரயிலேறிப் போய் பார்மஸி டிப்ளமோ படித்தார். கும்மிடிப்பூண்டியில் வாக்கப்பட்டார். இரும்பு ஆலையில் வேலை பார்த்த மாமா விபத்தில் போய்விட்டபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை, எங்கள் பெற்றோரும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். அழுது முடிப்பதற்குள் எழுந்து, தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் மெடிக்கல் ஷாப் வைத்தார்.

மாலை ஆறு மணிக்கு ஷிப்டு விட்டு வரும் கம்பெனி வேன், கடைக்கு எதிரே ஐந்து நிமிடம் நிற்கும். பெண்கள் இறங்கி வருவார்கள். கவுன்ட்டரில் ஆண்கள் சாய்ந்து நிற்பார்கள். வந்த பெண் தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார். வாங்கிய பிறகும் போகாமல் நிற்பார். வேன் ஹாரன் அடித்ததும் ஓடிவிடுவார். தினமும் இத்தனை பேருக்கா தலை வலிக்கும் என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. நாப்கின் கேட்க வந்தவர்கள், வெள்ளைப்படுதலுக்கு மருந்து கேட்க வந்தவர்கள், நாள் தள்ளிப்போனவர்கள் எல்லாரும்தான் தலைவலி மாத்திரையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா யாரையும் கூப்பிட்டு உபதேசம் செய்யவில்லை. கண்ணாடி அலமாரி ஒன்றைக் குறுக்கே திருப்பிப் போட்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மூலை ஒன்றை உண்டாக்கினார். அதில் எடை மெஷினை வைத்தார். சும்மா மூலையில் போய் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். எடை பார்க்கப் போகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மெஷினில் ஏறிய பெண், பக்கத்தில் வந்து நிற்கும் அக்காவிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லிவிடுவார். தமிழ் தெரியாத ஒடிசா பெண்கள் விரலால் காட்டி வாங்கிப் போனார்கள். மருந்தில் அடங்காத விஷயமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். சிலரைத் தானே அழைத்துப்போவார். அந்த மெஷின் எப்போதும் இரண்டு கிலோ கூட்டியே காட்டும். ஒருவரும் புகார் சொன்னதில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலை பார்த்த நான், அதை விட்டு அக்காவோடு சேர்ந்தேன். செவ்வாப்பேட்டை வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவேன். எங்கள் பேச்செல்லாம் கடையில்தான். அக்கா ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், கடையை நவீனமாக்குகிறேன் என்று இறங்கினேன். அலமாரி பின்னறைக்குப் போனது. நீளமாக ஒரே கண்ணாடி கவுன்ட்டர் வந்தது, பளிச்சென்ற விளக்குகள் வந்தன. எடை மெஷினை எல்லார் கண்ணிலும் படும்படி வாசலில் வைத்தேன். திரும்பி வந்த அக்கா ஒரு சுற்று பார்த்தார்.

"கடை சூப்பராத்தான் கீதுடா. ஆனா பேச எடமே இல்லியே. நாலு பேரு பாத்துக்கினு இருந்தா எவடா வாயத் தொறப்பா?" என்றார்.

பொங்கல் போகட்டும், மாற்றிவிடலாம் என்றேன். பொங்கலும் போனது, சித்திரையும் போனது. முகப்பூச்சு கிரீம்கள் நன்றாக விற்றதில் நானும் மறந்துபோனேன். வேனிலிருந்து இறங்கும் பெண்கள் குறைந்திருந்தார்கள். வந்த சிலரும் தலைவலி மாத்திரை வாங்கிப் போனார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

முழங்கால் வலியால் அக்கா கடைக்கு வருவதைக் குறைத்திருந்த நேரம் அது. ஆடி மாதத்தில் ஒரு மாலை வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கத்திலேயே நின்றார். சுற்றிலும் நாலைந்து பேர். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "இன்னாக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்லடா. தலவலி மாத்திர ஒண்ணு குடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆளின் சீட்டை வாங்கினேன்.

அக்காவின் மார்பில் கட்டி இருப்பது எனக்குத் தெரிந்தபோது கார்த்திகை ஆகிவிட்டது, நோயும் பரவிவிட்டது. எப்போது தெரியும் என்று கேட்டேன். ஆடியிலேயே என்றார். அன்றைக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. கடைசி நாட்களில் அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், ஷிப்டு முடித்துவிட்டு முறை போட்டு அக்காவின் அருகில் உட்கார்ந்திருந்த வேன் பெண்களுக்கும், தோள் கொடுத்த கடைத்தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் கடனை என்னால் தீர்க்க முடியாது.

அலமாரியைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். எடை மெஷின் பழைய மூலைக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நிற்க, பார்மஸி படித்த பெண் ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது தலைவலி மாத்திரை மட்டும் கேட்டால், நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. "வெயிட் பாத்துட்டுப் போம்மா" என்கிறேன்.