எடுத்தால் பேச வேண்டும்

2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். பெரம்பலூர் கடையில் என் மேசைமேல் ஏழு செல்போன்கள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. எட்டாவதாக என்னுடையது அடித்தது. திரையில் ‘ரஹீமா அக்கா’. “சொல்லுங்கக்கா” என்றேன். பேசியது அவர் தம்பி. “அக்கா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே.” கடைக்குள் தண்ணீர் நிரம்பியதுபோல் அதன்பின் எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்து வந்தது.

கடை எங்கள் இருவருடையது. போட்ட முதல் அக்காவுடையது, கை வேலை என்னுடையது, வாய் முழுக்க அவருடையது. அவரோடு கடையில் பழகிய, இதைப் படிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு வயது சாகிற வயதில்லை. ஆறுதல் சொல்ல யாரும் கடைக்கு வர வேண்டாம்.

அக்கா இருந்தபோது நடந்தது இது. லப்பைக்குடிக்காட்டு ஹனிபா பாய், ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். துபாயிலிருக்கும் மகன் அனுப்பிய செல்போனைக் கொண்டுவந்து, “எடுத்தா பேச மாட்டேங்குது தம்பி” என்றார். சோதித்தேன், நன்றாக இருந்தது. பச்சைப் பொத்தானைக் காட்டி அனுப்பினேன். மறுவாரம் வந்தார். பொத்தான்மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். மறுபடி வந்தபோது, பெரியவருக்கு மறதி என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா தன் போனிலிருந்து அவருக்கு அடித்தார். பாய் போனை எடுத்தார், காதில் வைத்தார், “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார். காதோரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“பாத்தியா டிப்ளமோ?” என்றார் அக்கா, என் படிப்பை வைத்து அவர் கூப்பிடும் பெயர் அது. “எடுங்கன்னா எடுக்கறாரு. இத்தன வருசமா போன அப்படித்தான எடுத்தாரு? அவரு சரியாத்தான் செய்றாரு. ஒம் போனுக்குத்தான் தமிழ் தெரியல.”

“பக்கத்து வூட்டுப் புள்ள அமுக்கிக் குடுக்கும்மா” என்றார் பாய். “குடுத்துட்டுப் போவாது, நின்னு கேக்கும். மவன்ட்ட ஒரு மனநோவச் சொல்ல முடியுதா? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லியே வச்சிர்றேன்.”

ஒரு பழைய லேண்ட்லைன் பெட்டிக்குள் அந்தச் செல்போனை வைத்தேன். ரிசீவரைத் தூக்கினால் பேசலாம், வைத்தால் நின்றுவிடும். அக்கா தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “காத்தாட்டம் இருக்கு. கையில இருக்குன்னு கைக்குத் தெரிய வேணாமா?” உள்ளே ஓர் ஈயத் துண்டு வைத்தபின்தான் ஒத்துக்கொண்டார்.

கொடுக்கப் போன நாளில் மழை மூட்டம். பஸ் குன்னத்தைத் தாண்டியதும் மக்காச்சோளக் கொல்லைகள் தூக்கத்தில் நடப்பவைபோல் ஜன்னலில் நகர்ந்தன. அக்காவின் மடியில் இருந்த பெட்டி திடீரென்று அடித்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா நிதானமாக ரிசீவரைத் தூக்கினார். துபாயிலிருந்து மகன்.

“அத்தா வூட்ல இருக்காரு தம்பி. ஒங்க கொரல எடுத்துக்கிட்டுத்தான் போயிட்டிருக்கோம்.”

கண்டக்டருக்குத் தாங்கவில்லை. “ஏம்மா, இதுக்கு ஒயர் எங்கம்மா?”

“பின்னாடி ரோட்ல வருதுண்ணே. அந்துறப் போவுது, பஸ்ஸ மெதுவா ஓட்டச் சொல்லுங்க.”

சிரிப்பும் மழையும் கலந்த அந்தப் பஸ் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பாய்க்கு அடுத்த ஆசை வந்தது. மகன் கூப்பிடும்வரை காத்திருக்காமல் தானே கூப்பிட வேண்டும். நான் ஒன்பது பெரிய பொத்தான்களை வரைந்து காட்டினேன், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். அக்கா பார்த்தார். “அவருக்கு இருக்கறது ஒத்த மவன். மீதி எட்ட நீ பெத்துக் குடுப்பியா? சும்மா தூக்குனா மவனுக்குப் போவணும். அவ்வளவுதான்.” பக்ரீத்துக்குள் செய்து தருவதாக பாயிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். பெட்டி திரும்ப என் மேசையில், வேலை பாதியில் நிற்கிறது. வாக்குக் கொடுத்தவர் இல்லை, பாய் காத்திருக்கிறார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒருவர் போனைத் தப்பாகப் பிடித்தால், திருத்துவதற்கு முன் அவர் கை என்ன செய்யப் பார்க்கிறது என்று கவனிக்கிறேன். இனி செய்யப்போவது:

1. மணி அடிக்காதபோது தூக்கினால் துபாய்க்குப் போகும்படி மீதி வேலையை முடிப்பது. பொத்தான் கிடையாது.
2. பக்ரீத்துக்கு முன் அதை பாயின் கட்டிலருகே வைப்பது. விளக்கம் எதுவும் சொல்லாமலிருப்பது.
3. அவர் தூக்கி, மகன் குரல் வந்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவது.